மண்ணறிந்தவன் வெளியே, மண்வீட்டு மாநாடு உள்ளே!

ஒரு மக்களினம் அடிமைப்பட்டிருக்கின்றதா, விடுதலை பெற்றிருக்கின்றதா என்பதை அதன் கோட்டை முகப்பிற் பறக்கும் கொடியைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அவ்வினத்தான் தன் வீட்டுச் சுவரை யாரிடங் கேட்டு எழுப்புகின்றான், எம்மொழியில் எண்ணி எழுப்புகின்றான் என்று பார்த்தல் வேண்டும். தன் தெருவிலேயே இருக்கும் அறிவைத் 'தற்குறியின் பழக்கம்' என்று தள்ளிவிட்டு, அதே அறிவு ஆங்கில உடை உடுத்துத் திரும்பி வரும்போது பொருள் கொடுத்தும் புகழ் கொடுத்தும் வரவேற்கும் இளைஞர் எந்நாட்டில் மலிந்துள்ளனரோ, அந்நாடு ஆண்டான் மாறிய நாடேயன்றி அடிமை நீங்கிய நாடன்று.

கட்டடக்கலைக் கல்வியில் இன்று நிகழ்வது இதுவே. மாற்றுக் கட்டடக்கலைக் கல்வி என்னும் பெயரால், மாணாக்கர் தாமே கூட்டித் தாமே நடத்தும் பன்னாட்டுக் கூடல்கள் உலகின் பல பகுதிகளிலும் நடைபெறுகின்றன. அவற்றின் நோக்கம் நன்று. அவை பிறந்த கரணியமும் நயன்மையானது. ஆயினும் அக்காற்று தமிழகத்திற் புகும்போது யாருக்குத் தென்றலாகின்றது, யாரைப் புறந்தள்ளும் புயலாகின்றது என்று கேட்பாரில்லை. கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

மாணாக்கர் மூட்டிய தீ

1981-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இலிவர்பூல் நகரில் ஐரோப்பியக் கட்டடக்கலை மாணாக்கர் பேரவை முதன்முறையாகக் கூடிற்று. துறைமுகத் தொழில் நலிந்து, வேலையின்மை மிகுந்து, அவ்வாண்டே தெருக்களில் மக்கட் கொந்தளிப்பு வெடித்த நகரம் அது. அந்நகரில் பயின்ற மாணாக்கர் தம்மொத்த மாணாக்கரைப் பிற நாடுகளிலிருந்து அழைத்தனர். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் டெல்பு நகரிற் கூடினர். அதன்பின் ஆண்டுக்கொரு நாடென அப்பேரவை இடம்பெயர்ந்து கொண்டே வருகின்றது. கோடையில் ஏறத்தாழ இரண்டு கிழமை. பல நூற்றுவர் மாணாக்கர். ஆங்காங்குப் பயிற்சிப் பட்டறைகள். மதிப்பெண் இல்லை, தேர்வு இல்லை, பேராசிரியர் மேடை இல்லை. கற்பிப்பாரும் பெரும்பாலும் மாணாக்கரோ, அண்மையிற் படிப்பு முடித்தோரோ ஆவர். அடுத்த கூடல் எந்நாட்டில் என்பதையும் அவர்தாமே கூடி முடிவு செய்கின்றனர்.

ஏன் அவ்வாறு கூடினர்? கல்லூரியில் வரைபலகை இருந்தது, மண் இல்லை. தாளிற் கோடு இருந்தது. கையிற் கரணை இல்லை. யாருக்காகக் கட்டுகின்றோம் என்னும் கேள்விக்குப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. கேட்டுப் பெற இயலாததை அம்மாணாக்கர் தாமே செய்துகொண்டனர். அரசைக் கெஞ்சவில்லை, கல்லூரியின் இசைவுக்குக் காத்திருக்கவில்லை. இத்துணிவு போற்றத்தக்கது, தமிழ் மாணாக்கர் கற்கத்தக்கது.

ஆனால் கற்க வேண்டிய தலையாய பாடத்தையே இங்குள்ளோர் கற்கவில்லை. இலிவர்பூல் மாணாக்கர் தாம் வாழ்ந்த நகரிலேயே, அதன் தெருக்களின் நடுவிலேயே தொடங்கினர். தம் காலடி மண்ணை முதலிற் பார்த்தனர். பிறகு அயலாரை அழைத்தனர். இங்குள்ளவரோ அயலாரை முதலிற் பார்க்கின்றனர். காலடி மண்ணை இறுதிவரை பார்ப்பதேயில்லை.

ஓராண்டில் விழுந்த மூன்று வித்துகள்

1957-ஆம் ஆண்டைத் தமிழர் மறத்தலாகாது. அவ்வாண்டில் இந்தியக் கட்டடக்கலை மாணாக்கர் கழகம் தோன்றிற்று. 'நாசா இந்தியா' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இக்கழகம் ஐரோப்பியர் கூடுவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்னரே மாணாக்கர் தாமே நடத்தும் அமைப்பாக முளைத்தது என்பது பெருமைக்குரியதே. அதே 1957-இல் சென்னையில், இன்று அண்ணா பல்கலைக் கழகத்தின் பகுதியாக விளங்கும் கட்டடக்கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதே 1957-இல் மாமல்லபுரத்தில் மரபுவழிக் கற்றச்சரைப் பயிற்றும் அரசு சிற்பப் பள்ளியும் தொடங்கப்பட்டது. இன்று அது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாகத் திகழ்கின்றது.

மூன்று வித்துகளும் ஓராண்டில் விழுந்தன. ஆனால் ஒரே பாத்தியில் விழவில்லை. சென்னைப் பள்ளியின் மாணவன் ஆங்கிலத்திற் பயின்றான். வெள்ளையர் வகுத்த வழியில் வரைந்தான். மாமல்லபுரத்து மாணவன் உளி பிடித்தான். கல்லின் ஓசை கேட்டு அதன் நலந் தீங்கறிந்தான். இருவர்க்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ ஐம்பது கல்லளவே. மனத்தொலைவோ கடலளவு. மாணாக்கர் கழகமாவது இவ்விருவரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்திருக்கலாம். அது தன் ஆண்டு மாநாட்டை ஆங்கிலத்தில் நடத்திற்று, ஆயிரக்கணக்கில் இளைஞரைத் திரட்டிற்று, கோப்பைகளை வழங்கிற்று.

அக்கோப்பைகளின் பெயர்களைச் சற்றே உற்று நோக்குக! ஒன்று இலெ கொர்புசியே பெயரால். ஒன்று இலூயி கான் பெயரால். ஒன்று இலாரி பேக்கர் பெயரால். பழங்கட்டடங்களை அளந்து வரைந்து ஆவணப்படுத்தும் மாணாக்கர்க்கு உரியது இலூயி கான் கோப்பை. கான் பெரிய கட்டடக்கலைஞர், அகமதாபாத்து மேலாண்மை நிறுவனத்தை வடித்தவர், ஐயமில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயர் ஆயிரமாண்டாகப் பொறிக்கப்பட்டிருக்க, இம்மண்ணின் பழங்கட்டடத்தை அளக்கும் இளைஞனுக்கு அமெரிக்கர் ஒருவரின் பெயராற் கோப்பை தரும் நாட்டை என்னென்பது? பெயரில் என்ன இருக்கின்றது என்பார் உளர். பெயரில்தான் எல்லாம் இருக்கின்றது. யார் பெயரைச் சொல்லி மாணவன் கைதட்டல் பெறுகின்றானோ, அவர் வழியே அவன் நடப்பான்.

கரிசல் கேட்கும் கேள்வி

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், விளாத்திகுளம் வட்டத்தில் உள்ளது புதூர். கோவில்பட்டி, எட்டையபுரம், நாகலாபுரம், அருப்புக்கோட்டை என விரியும் கரிசற் காட்டின் நடுவில் அமைந்த பேரூர். ஆற்றுப் பாசனம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் மிளகாயும் உண்டு. பெய்யாவிடில் ஊரே வெளியூருக்குப் பிழைக்கப் போகும். மானாவாரி மண், மானாவாரி வாழ்வு.

இம்மண் உழவர்க்கு மட்டுமன்றிக் கட்டுவோர்க்கும் கடுமையான ஆசிரியன். மழை நீரைக் குடித்தால் கரிசல் உப்பும். சித்திரை வெயிலிற் காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும். ஆண்டுதோறும் நிலம் மூச்சு வாங்கி மூச்சு விடுகின்றது. அதன்மேல் அறியாது எழுப்பிய சுவர் நெடுகப் பிளக்கும், தளம் புடைக்கும், கதவு நிலையிற் பொருந்தாது இறுகும். அறிந்து கட்டுவோர் கரிசலைக் கடந்து சரளையோ சுக்கானோ தட்டும் வரை வானம் பறிப்பர். தளத்தினடியிற் கரிசலை அள்ளி அகற்றிவிட்டு, நீர் குடித்து உப்பாத மணலோ சரளையோ நிரப்புவர். சுவருக்குக் கரிசல் ஆகாதெனச் செம்மண் தேடிக் கொணர்ந்து, வைக்கோலிட்டு மிதித்துப் புளிக்க வைத்துப் படை படையாக ஏற்றுவர். ஒரு படை உலர்ந்தபின்பே மறுபடை. பனங்கை உத்தரத்திலமரும், வரிச்சு அதன்மேல் ஓடும், பனையோலையோ ஓடோ வேயப்படும். பொருளுடையார் வீட்டிற் செங்கலைக் கட்டைக்குத்தாக நிறுத்திச் சுண்ணக் காரையாற் பிணைத்து மட்டப்பா இடுவர். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் கலந்த சுண்ணாம்பு பூசிய சுவர் கைபட்டால் வழுக்கும். தவசம் சேமிக்க மண்ணாலேயே குலுக்கை எழும்பும்.

இஃது ஏதோ பழங்கதையன்று, பொறியியல். ஈரத்தில் உப்பும் களிமண்ணின்மேல் அடித்தளம் இடுவது எவ்வாறு என்பதைப் பற்றி உலகெங்கும் அறிஞர் ஆய்கின்றனர். உரூர்க்கியிலுள்ள நடுவண் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே அடியகன்ற துளைத்தூண் முறையை வகுத்தளித்தது. உப்பும் மேல்மண்ணை நம்பாதே, அசையாத அடிமண்ணைப் பற்று என்பதே அம்முறையின் உயிர். வானம் பறித்த கொத்தனின் கையறிவும் அதையேதான் சொல்லிற்று. ஆய்வகம் அதற்குக் கணக்குத் தந்தது. கணக்கிற்கு முன்னரே கை அறிந்திருந்தது.

'வானம்' என்னும் அச்சொல்லை எண்ணிப் பார்க்க! கடைக்காற் பள்ளத்திற்கு வானம் என்று பெயரிட்டவன் தென்பாண்டி நாட்டுத் தமிழன். மேலே எழப்போகும் வீட்டிற்குக் கீழே பறிக்கும் பள்ளத்தை வானம் என்கின்றான். இன்று சென்னையிலோ மதுரையிலோ ஐந்தாண்டு கட்டடக்கலை பயின்று வெளிவரும் தமிழ் மாணவனிடம் இச்சொல்லைக் கேட்டால் அவன் அண்ணாந்து பார்ப்பான். வரிச்சு எது, கைமரம் எது, முகட்டுவளை எது, மணியாசுக் கட்டை எது, மூலைமட்டம் எது என்று அறியான். அவன் குற்றமன்று. அவனுக்குக் கற்பித்த மொழியில் அவை இல்லை. தூக்குக்குண்டு தொங்கும் கயிற்றைப் பார்த்து அதற்கோர் ஆங்கிலப் பெயர் சொல்வான். அக்கயிற்றைப் பிடித்திருப்பவரிடம் பேசச் சொல்லின்றித் திகைப்பான்.

இந்நிலையில் அம்மாணவனுக்கு மண்கட்டடத்தின் மீது காதல் பிறக்கின்றது. எவ்வாறு பிறக்கின்றது? அயல்நாட்டுத் தாளிகையில் மண்சுவர் ஒன்றின் வண்ணப்படம் கண்டு பிறக்கின்றது. பன்னாட்டு மாணாக்கர் பட்டறை ஒன்றிற்குப் பொருள் செலவிட்டுப் போகின்றான். அங்கே ஒருவர் மண்ணைப் பிசைந்து காட்டுகின்றார், இவன் குறிப்பெடுக்கின்றான், படமெடுக்கின்றான், சான்றிதழ் பெற்றுத் திரும்புகின்றான். அவன் ஊர்ப் பேருந்து நிலையத்திற் கூலிக்குக் காத்து நிற்கும் முதிய கொத்தனார் அதே மண்ணை ஐம்பதாண்டு பிசைந்தவர். அவரிடம் இவன் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அவருக்குச் சான்றிதழும் இல்லை. மண்ணறிந்தவன் வெளியே நிற்கின்றான். மண்வீட்டு மாநாடு உள்ளே நடக்கின்றது. இதற்குப் பெயர் மாற்றுக் கல்வியாம்!

பெயருக்கு வேலி

1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம் ஒரு வேலி இட்டது. நடுவண் மன்றத்திற் பதிவு பெற்றோர் அன்றிப் பிறர் கட்டடக்கலைஞர் என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நயமன்றம் இச்சட்டத்தை ஆய்ந்து, சட்டம் காப்பது பெயரையே, தொழிலைச் செய்வதையன்று என்று தெளிவுபடுத்திற்று. இதன் பொருள் யாது? கட்டுவதற்குக் கொத்தனார் வரலாம். பெயருக்கு அவர் வரலாகாது. கற்றளி எழுப்பிய குடியிற் பிறந்து, தந்தையிடம் உளி கற்று, ஐம்பது கோயில் எழுப்பியவராயினும் பதிவில்லையேல் அப்பெயர் அவர்க்கில்லை. பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. தேறாதவன் கட்டிய வீடு தலையில் விழுமாயின் அதைத் தடுப்பது அரசின் கடனே. ஆனால் அறிவை அளக்கும் கோல் ஆங்கிலக் கோல் ஒன்றே என்று வைத்ததுதான் கொடுமை.

மொழியின் நிலையும் அவ்வாறே. 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக் கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் பயிலும் வழியைத் திறந்தது. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் என்னும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அத்தமிழ்வழிப் படிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழுந்தவுடன் திரும்பப் பெறப்பட்டது. பாலம் கட்டுவதையும் பொறி செய்வதையும் தமிழிற் கற்கலாம் என்று பல்கலைக் கழகமே ஒப்பிய பிறகும், வீடு கட்டுவதைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்று மாணாக்கர் கூடல் ஒன்றேனும் முழங்கியதுண்டா? மாற்று, மாற்று என்று முழங்குவோர் மாற்ற வேண்டிய முதற்பொருளை மட்டும் மாற்றாமல் விட்டது ஏன்?

எழும் மறுப்புகளும் அவற்றிற்கு விடையும்

'பல நாட்டார் கூடுமிடத்தில் பொதுமொழி வேண்டாவா?' என்பர் ஒருசாரார். வேண்டும். ஆனால் பத்து நாட்டார் தமிழகத்திற்கு வந்து கூடினால், அங்கே புரியாமல் விழிக்க வேண்டியவர் புதூர்க் கொத்தனாரா, வந்த விருந்தினரா? விருந்தினர்க்கு மொழிபெயர்த்துச் சொல்லுதல் விருந்தோம்பல். வீட்டுக்காரனை ஊமையாக்குதல் அடிமைத்தனம்.

'இலாரி பேக்கரும் அயலவர்தாமே? அவரையும் தள்ளுவீரோ?' என்பர் மற்றொருசாரார். தள்ளுவதற்கில்லை. 1917-இல் பர்மிங்காமிற் பிறந்த பேக்கர் இமயத்தின் பித்தோராகரில் ஆண்டுகள் பல வாழ்ந்து, ஊரார் கட்டும் முறையைக் கண்டு வியந்து, தாம் கற்றதை மறந்து மீண்டும் கற்றார். பின்பு திருவனந்தபுரத்தில் ஊர்க் கொத்தரோடு நின்று செங்கலடுக்கினார். வளர்ச்சி ஆய்வு நடுவத்தின் கட்டடங்கள் அதற்குச் சான்று. எகிப்தின் அசன் பாத்தி 1940-களிற் புதிய குர்னா ஊரை எழுப்புகையில், பலகைத் தாங்கலின்றி மண்செங்கல் வளைவு எழுப்ப அறிந்த நூபிய நாட்டுக் கொத்தரை வரவழைத்து அவரையே ஆசானாக்கினார். அயலவராயினும் தம் நாட்டவராயினும் இவ்விருவரும் பெரியோரானது கொத்தன் முன் தலை வணங்கியமையால். ஆனால் பாத்தியின் ஊரிற் குடியேற வேண்டிய மக்களோ தம் பழைய இடத்தை விட்டுவர மறுத்தனர்; ஊர் முற்றுப்பெறவில்லை. கொத்தனைக் கேட்டவர் குடியிருப்போரைக் கேட்கவில்லை. இருவரையுங் கேட்பதே முழுக்கல்வி.

ஆரோவில்லின் மண்கட்டடப் பணி 1989 முதல் உலகப் புகழ் பெற்றது. அழுத்திய மண்கட்டியால் எழுப்பிய அதன் வருகையாளர் நடுவம் 1992-இல் அசன் பாத்தி பெயரிலான பன்னாட்டு விருதும் பெற்றது. பல நாட்டு மாணாக்கர் அங்கு வந்து மண்கட்டி செய்யக் கற்கின்றனர். அக்கட்டிகளை அறுத்து, சுமந்து, அடுக்கிய கைகளுட் பெரும்பாலானவை சுற்றுப்புறச் சிற்றூர்த் தமிழர் கைகள். புகழ் நூல்களில் அக்கைகளுக்குப் பெயர் உண்டா என்பதே கேள்வி.

மூன்றாவது மறுப்பே வலியது. 'மண்வீடு ஏழ்மையின் அடையாளம். அதிற் கிடந்து வெந்தவனிடம் போய் அதன் அழகைப் பாடுகின்றீரோ?' என்பது அது. இதற்குத் தலை தாழ்த்தி விடை கூற வேண்டும். ஓலைக்குடிசை தீப்பற்றும், மழையில் ஒழுகும், பாம்பு நுழையும். அதினும் கொடிது, காரைவீடும் ஓட்டுவீடும் கட்ட ஒருசாராரை விடாது சாதி தடுத்த ஊர்கள் தமிழகத்தில் இருந்தன. கோயிலுக்குக் கல் சுமந்தவனைக் கோயிலுக்குள் விடாத கொடுமையும் இம்மண்ணிலேதான் நிகழ்ந்தது. மண்சுவரைப் படமெடுக்கும் மாணவன் அச்சுவருக்குள் யாரை, எதற்காக அடைத்து வைத்தனர் என்று கேளாது திரும்புவானாயின் அவன் கற்றது அழகுமன்று; அறிவுமன்று.

எனவே குடிசையை விட்டு ஏழை வெளியேறுதல் வேண்டும் என்பதில் இருகருத்தில்லை. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம் வீடொன்றிற்கு மூன்றரை இலக்க உருபா தருகின்றது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கம்பிக் கற்காரைக் கூரை வேண்டும் என்கின்றது. நன்று. ஆனால் அந்த 360 சதுர அடியைக் கரிசலிற் பிளக்காமல் எழுப்புவது எவ்வாறு? சித்திரை வெயிலில் கற்காரைக் கூரையின்கீழ் உறங்கும் குழந்தை வேகாமற் காப்பது எவ்வாறு? பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலைக்குப் போய்ச் சிமிட்டி மூட்டையாகத் திரும்பி வருகையில், அதே நிலத்துச் சுக்கான்கல்லை நீற்றிய சுண்ணாம்பிற்கு இனி ஒருவேலையும் இல்லையா? தடித்த மண்சுவரும் கற்காரைக் கூரையும் ஒரு வீட்டில் உறவாட முடியுமா? இவையல்லவோ மாற்றுக் கல்வி விடை காண வேண்டிய கேள்விகள்! இவற்றிற்கு விடை தாராத பன்னாட்டுக் கூடல் பத்து நாடு கூடினும் பயன் யாது?

கழுகுமலை காட்டும் வழி

மாணாக்கர் பலவூரிலிருந்து கூடிக் கற்கும் வழக்கம் தமிழர்க்கு இலிவர்பூலிலிருந்து வந்ததன்று. கோவில்பட்டிக்கு அணித்தே உள்ள கழுகுமலையில், பாண்டியர் காலத்து, ஏறத்தாழ 8, 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களின்கீழ், நூறளவான வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அவற்றிற் குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்களும் அவர்தம் ஊர்ப் பெயர்களும் காண்கின்றன. தென்கோடித் திருச்சாரணத்திலிருந்தும் அங்கு வந்துள்ளனர். பெண்பாலார் ஆசிரியராக இருந்துள்ளனர். அவர்க்கு மாணாக்கர் இருந்துள்ளனர். அதே மலையில் வெட்டுவான் கோயில் உள்ளது. மலையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து குடைந்து, பாறையையே கோயிலாக வடித்த அருஞ்செயல் அது. முற்றுப்பெறாமல் நிற்பதால் உளி எவ்வழி இறங்கிற்று என்பதை இன்றும் அதிற் கண்டு கற்கலாம். கல்லாலான பாடநூல் அது. அதன் பக்கங்களைத் திறந்து பார்க்காத தமிழ் மாணவன் கடல் கடந்து எதைக் கற்கப் போகின்றான்?

சங்கரன்கோவிலிற் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், சிற்றூர் மக்கள் வாயிலும் தொழிலாளர் வாயிலும் வாழும் சொற்களைத் தொகுக்காமல் தமிழ்ச் சொல்வளம் நிறையாது என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். இடைசெவலின் கி. இராசநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாக்கினார். எழுத்தாளர் ஒருவர் தனித்து நின்று செய்ய முடிந்ததை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளிவரும் கட்டடக்கலை மாணாக்கர் கூடிச் செய்ய முடியாதா?

செய்ய வேண்டுவன

முதலாவது: கூடல் புதூரிற் கூடட்டும், அல்லது புதூர் போன்ற கரிசல் ஊர் ஒன்றிற் கூடட்டும். மாசியில் விளைச்சல் வீடு சேர்ந்தபின், ஊரார்க்கு ஓய்வுள்ள நாளிற் கூடட்டும். அயல்நாட்டார் வரலாம், வரவேண்டும். வருவோர் கற்க வரட்டும்.

இரண்டாவது: கூடலின் மொழி தமிழாகட்டும். அயலார்க்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும்.

மூன்றாவது: கொத்தனாரும் தச்சரும் சித்தாளும் ஆசிரியராக அமரட்டும், ஆசிரியர்க்குரிய ஊதியமும் பெறட்டும். சித்தாளை இங்குத் தனித்துச் சொல்ல வேண்டும். மண் குழைப்பவள் அவள், சுமப்பவள் அவள், சுவர் மெழுகித் தரை மெழுகி ஆண்டுதோறும் வீட்டைப் புதுக்குபவள் அவள். வாழ்நாளெல்லாம் கட்டடத்தில் உழைத்தும் அவளைக் கொத்தனார் என்று யாரும் அழைப்பதில்லை; கூலியும் குறைவு. கழுகுமலையிற் குரத்தியிருந்த நாட்டில் இது நாணத்தக்கது.

நான்காவது: ஒவ்வொரு கூடலும் ஒரு சொற்றொகுதியையும், அளந்து வரைந்த பத்து வீட்டு வரைபடங்களையும் விட்டுச் செல்லட்டும். அவை தில்லிக்கும் சென்னைக்கும் போய் அலமாரியில் உறங்க வேண்டா. ஊர் நூலகத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது: கூடலின் முடிவிற் கண்காட்சி வேண்டா, ஒரு சுவர் வேண்டும். கரிசலின்மேல் எழுப்பிய அச்சுவரை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் அம்மாணாக்கரே திரும்பி வந்து பார்க்கட்டும். பிளந்திருந்தால் ஏன் என்று கொத்தனாரிடங் கேட்கட்டும். இரண்டு கிழமையில் முடிந்துவிடும் கல்வி மண்ணின் கல்வியன்று. மண்ணுக்கு ஓராண்டு வேண்டும்.

ஆறாவது: கட்டடக்கலையைத் தமிழிற் பயிலவும் தமிழில் தேர்வெழுதவும் உரிமை வேண்டுமென மாணாக்கர் அமைப்புகள் தீர்மானம் இயற்றட்டும். தேர்ந்த கொத்தரின் கையறிவை ஆய்ந்து மதித்துச் சான்றளிக்கும் வழியை அரசு வகுக்கட்டும். மரபுக் கட்டடத்தை அளக்கும் தமிழ் மாணவனுக்கு ஒரு கோப்பையேனும் குஞ்சரமல்லன் பெயரால் வழங்கட்டும்.

தமிழ் மாணாக்கரே! கல்லூரி தாராததைத் தாமே பெறத் துணிந்த ஐரோப்பிய இளைஞரின் நெஞ்சுரம் உமக்கும் வேண்டும். அவர்தம் நெஞ்சுரத்தைக் கொள்க. அவர்தம் முகவரியைக் கொள்ளற்க! 1916-இல் மறைமலையடிகள் மொழியிற் கலந்த அயற்சொல்லைக் களையத் தொடங்கினார். அக்களையெடுப்பு ஏட்டோடு நின்றுவிடலாகாது. வீட்டிற்கும் வர வேண்டும். வீட்டின் கடைக்காலுக்கும் வர வேண்டும். மேல்மண் உப்பும்; சுருங்கும்; வெடிக்கும். அசையாத அடிமண் ஒன்று கீழே உண்டு. அதைத் தொடும்வரை பறிப்பவன் கட்டும் வீடே நிற்கும்.

கரணையை எடுமின்! கரிசலுக்கு வருமின்! வானம் பறிமின்!